555 புத்தகமும் கியூஆர் அட்டையும்

கிள்ளானில் ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடமும் 555 என்று சொல்லிப் பாருங்கள். "சிகரெட்டா, புத்தகமா?" என்று கேட்பார்கள். புத்தகம்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் குறிப்பேடு. அட்டையில் கொட்டை எழுத்தில் 555. சட்டைப் பையில் சரியாக நுழையும். மளிகைக் கடையில் கடன் எழுத அதுதான். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், ஒரு டின் பால் என்று வரி வரியாக எழுதி, எதிரே தொகை போட்டு, சம்பளம் வந்ததும் கூட்டிப் பார்த்து, கட்டி முடித்ததும் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. தமிழர், மலாய்க்காரர், சீனர் என்ற பேதம் அதற்குக் கிடையாது. நாடு முழுவதும் கடனுக்கே அது இன்னொரு பெயரானது.

பள்ளிக்கூடம் பக்கமே போகாத தோட்டத்துப் பெண்கள்கூட அந்தக் கணக்கை மனத்தில் வைத்திருந்தார்கள். எழுதத் தெரியாது, ஆனால் எழுதப்பட்டது சரியா தவறா என்று தெரியும். "அண்ணே, போன வாரம் நான் ஒரு டின் பால்தானே வாங்கினேன், ரெண்டு போட்டிருக்கீங்க?" என்று மறுநாள் காலையிலேயே கடை வாசலில் நின்று கேட்பார்கள். கடைக்காரர் எல்லாரும் தர்மராஜாக்கள் என்று சொல்ல வரவில்லை. வாங்காத சாமான் கணக்கில் ஏறியதும் உண்டு; சம்பளம் முழுவதையும் கடையில் கொடுத்துவிட்டு அன்றைக்கே மறுபடி கடனைத் தொடங்கிய குடும்பங்கள் நிறைய உண்டு. இருந்தும் அந்த முறையை யாரும் சந்தேகப்பட்டு விலக்கவில்லை. தவறு நேர்ந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். அவர் கடையை மூடிக்கொண்டு ஓடிவிட முடியாது. அவர் பிள்ளைகளும் நம் பிள்ளைகள் படித்த பள்ளியில்தான் படித்தார்கள்.

இன்று ஜாலான் தெங்கு கிளானாவில், லிட்டல் இந்தியா என்று ஊரே அழைக்கிற அந்தத் தெருவில், பூமாலைக் கடையில் தொங்குவது இளஞ்சிவப்பு நிறத்தில் டூயிட்நவ் கியூஆர் அட்டை. மல்லிகைச் சரத்துக்கும் வெற்றிலைக் கட்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அது ஆடிக்கொண்டிருக்கிறது. மூன்று வெள்ளிக்குப் பூ வாங்கினாலும் கைப்பேசியை நீட்டுகிறார்கள். கடைக்கார அம்மா பூவைக் கட்டியபடியே, "காட்டுங்க தம்பி" என்று திரையை எட்டிப் பார்க்கிறார். சில கடைகளில் ஒரு குட்டிப் பெட்டி காசு வந்துவிட்டதென்று சத்தமாகச் சொல்கிறது. அது இல்லாத கடைகளில் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை. பழைய பரிவர்த்தனையின் படத்தைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்களே!

கிள்ளான்காரர்கள் அங்கிருந்து இங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. கைப்பேசி மலிவானது, இணையம் வேகமானது என்று சொல்லிவிடலாம். அது பாதிக் கதை. மலிவாக வந்தும் ஊர் ஏற்காத பொருள்கள் எத்தனையோ. மீதிப் பாதி, காசு தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பழைய கேள்விக்கு யாரெல்லாம் என்ன பதில் சொன்னார்கள் என்பதில் இருக்கிறது.

சம்பள நாளிலிருந்து தொடங்கலாம். கிள்ளானைச் சுற்றிக் கித்தாத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் இருந்த காலத்தில் கூலி கையில்தான் வந்தது. ஆபீஸ் வாசலில் வரிசை. உள்ளே துரையும் கிராணியும். வெளியே கடைக்காரரும் வட்டிக்குக் கொடுத்தவரும். வங்கி என்பது அந்த வரிசையில் நின்றவர்களுக்கு வேறு உலகம். அஞ்சல் அலுவலகச் சேமிப்பு வங்கி 1974-ல் பேங்க் சிம்பானான் நேஷனலாக மாறியது. அதன் சேமிப்புப் புத்தகம் மெல்ல வீடுகளுக்குள் வந்தது. அலமாரியில் சேலைக்கு அடியில் வைக்க முடிந்த புத்தகம் அது; தொகை அச்சாகியிருக்கும்; பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டினால் வாசித்துச் சொல்வான். பின்னால் ஏ.டி.எம். அட்டை வந்தபோது பெரியவர்கள் முணுமுணுத்தது அதனால்தான். பெட்டி காசைக் கொடுக்கிறது, சரி. மிச்சம் எவ்வளவு என்று தாளில் எழுதித் தர மறுக்கிறதே! அட்டை வந்த பிறகும் சம்பளம் ஏறிய அன்றே மொத்தத்தையும் எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அறியாமை என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏனென்றால் இதே மக்கள் அதைவிடப் பெரிய, கண்ணுக்கே தெரியாத ஒரு புது முறைக்குத் துணிந்து பணம் போட்டிருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளி கட்ட வேண்டும். சேர்ந்த பணத்தில் சங்கமே தோட்டம் வாங்கும். அன்றைய கூலியில் பத்து வெள்ளி சின்னத் தொகையா? பங்கு, கூட்டுறவு, முதலீடு எல்லாமே புதிய சங்கதிகள். ஆனாலும் கட்டினார்கள். அமைச்சராக இருந்த மனிதர் தோட்டம் தோட்டமாக நேரில் வந்து, அவர்கள் தமிழில் பேசிக் கேட்டார். சங்கம் தோட்டங்களை வாங்கியது, இன்றும் இருக்கிறது.

அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1980-களில் மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தது. இந்தியர்களிடம் பங்கு விற்று 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் திரட்டினார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் உண்டு. எதிர்பார்த்த பலன் வரவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 2010-ல், ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 காசு என்று விலை பேசப்பட்டது. அந்தப் பத்திரத்தை இன்னும் பெட்டியில் வைத்திருக்கும் பாட்டியிடம் போய், "இந்தச் செயலியில் காசு போடுங்கள், பத்திரமாக இருக்கும்" என்று சொன்னால் அவர் எப்படிப் பார்ப்பார்? அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. புதுமையைக் கண்டு பயம் என்று அதற்குப் பெயர் வைப்பவர்கள் அந்த வரலாற்றைப் படிக்காதவர்கள்.

இன்னொரு வேடிக்கை. கூட்டு, அதாவது சீட்டு, பிடிப்பதை 1971-ல் சட்டம் போட்டே தடை செய்தார்கள். கூட்டு நிதித் தடைச் சட்டம் என்று நம் தமிழ்ச் சொல்லையே தலைப்பில் சுமந்த சட்டம். கூட்டு நின்றதா? இன்றைக்கு அது வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. ஏலம் குரல் பதிவில், பணம் வங்கிப் பரிமாற்றத்தில். செயலியே வேண்டாம் என்று தலையாட்டும் அக்கா, கூட்டுக் காசை மட்டும் மாதம் தவறாமல் கைப்பேசியில் அனுப்புகிறார். தலைவி அவருக்குத் தெரிந்தவர். சில தலைவிகள் காசோடு காணாமல் போயிருக்கிறார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். அது தனிக் கதை.

டோல் வேறு வகை. அங்கே யாரும் நம்மை விருப்பம் கேட்கவில்லை. டச் அன் கோ அட்டை 1997-ல் வந்தது. கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகிறவர்கள் சுங்கை ராசாவிலும் பத்து தீகாவிலும் நிற்க வேண்டியிருந்த காலம். ரொக்கமும் வாங்கினார்கள், அட்டையும் வாங்கினார்கள். அட்டைத் தடத்தில் வரிசை குட்டை என்பதைத் தினமும் கண்ணால் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். 2017-ல் நாட்டின் டோல் சாவடிகளில் ரொக்கமே வாங்குவதில்லை என்றாகிவிட்டது. அடுத்த ஆண்டு, 2018 ஜனவரி 1 அன்று, அந்த இரண்டு டோல்களும் ரத்தானது கிள்ளான்காரர்களுக்குக் கிடைத்த தனி சந்தோஷம். அட்டை மட்டும் பழக்கமாகிப் பணப்பையில் தங்கிவிட்டது. மீதி இல்லாமல் தடுப்புக் கம்பி முன்னால் மாட்டிக்கொண்டு, பின்னால் பத்து காடி ஹாரன் அடிக்க, இறங்கிப் போய் உதவி கேட்ட அனுபவம் இல்லாத ஓட்டுநர் கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டா? 2022 ஜனவரியில் பிளஸ் நெடுஞ்சாலையில் ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டியை அறிமுகப்படுத்தியபோது சாவடிகளில் காடிகள் தேங்கி நின்றன. ஒட்டியைப் படிக்க மறுத்த கருவியின் முன்னால் ஒருநாள் நின்றவர், அடுத்த நாள் பழைய அட்டைக்குத் திரும்பினார். புதிய முறைக்கு மக்கள் தரும் தவணை அவ்வளவுதான்.

கடைக்காரர்கள் பாடு இதைவிடக் கசப்பு. 2015 ஏப்ரல் 1-ல் பொருள் சேவை வரி வந்தது, 6 விழுக்காடு. ஆண்டு விற்றுமுதல் ஐந்து லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். மளிகைக்கடை அண்ணன்கள் கல்லாப்பெட்டிக்குப் பதில் கணினி வாங்கினார்கள், மென்பொருள் வாங்கினார்கள், கணக்காளருக்குச் சம்பளம் கொடுத்தார்கள், ஒவ்வொரு பொருளுக்கும் வரி உண்டா இல்லையா என்று குறியீடு அடித்தார்கள். 2018 ஜூன் 1-ல் வரி பூச்சியமானது. செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. மூன்றே வருடம்! அந்தக் கணினிகளில் பல இன்று மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. பிறகு மின்விலைப்பட்டியல் என்ற பேச்சு எழுந்து, 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து அது தொடங்கியபோது, சின்னக் கடைக்காரர்கள் "பார்ப்போம், இதுவும் எத்தனை நாளைக்கு?" என்றார்கள். வரி அதிகாரி தங்கள் கணக்கை எட்டிப் பார்ப்பாரோ என்ற கலக்கமும் சேர்ந்துகொண்டது. அவசரப்பட்டு முதலில் மாறியவனுக்கு நட்டம், தாமதித்தவனுக்கு லாபம் என்று அரசாங்கமே ஒருமுறை பாடம் நடத்திவிட்டது. அடுத்த முறை மாணவர்கள் தாமதிக்கத்தானே செய்வார்கள்?

அமெரிக்காவில் எவரெட் ரோஜர்ஸ் என்ற அறிஞர் புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்று 1962-ல் ஒரு நூல் எழுதினார். இந்தத் துறையில் இன்றும் அதைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள். ஐயோவா மாநில விவசாயி ஒருவரின் மகன் அவர். கலப்பின மக்காச்சோள விதையைப் பக்கத்து நிலத்துக்காரர்கள் விதைத்தபோது அப்பா மறுத்தார். 1936 வறட்சியில் அவர் பயிர் வாட, அண்டை வயல் நிமிர்ந்து நின்றது. அதே ஐயோவாவில் அந்த விதையைப் பற்றி 1943-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, விதை வந்த செய்தியை விவசாயிகள் விற்பனையாளரிடம் கேட்டறிந்தார்கள், விதைக்கலாம் என்ற முடிவுக்கு அண்டை வீட்டாரைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று காட்டியது. கிள்ளான் கதைக்கும் இது பொருந்தும். எந்த வங்கி விளம்பரமும் பூக்கடை அம்மாவை மாற்றவில்லை; எதிர்க்கடையில் காசு விழுகிற சத்தம் மாற்றியது.

அந்தச் சத்தம் ஊரெல்லாம் கேட்கத் தொடங்கியது 2020-ல். அந்த ஆண்டு ஜனவரி 15 முதல் மார்ச் 14 வரை இ-துனாய் ரக்யாட் திட்டத்தில், 18 வயது நிரம்பிய, ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைவான ஒவ்வொருவருக்கும் 30 ரிங்கிட் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, மின்பணப்பையில்தான் வாங்க முடியும். "முப்பது வெள்ளி சும்மா வருது, போடுடா" என்று அப்பாக்கள் கைப்பேசியைப் பிள்ளைகளிடம் நீட்டினார்கள். பிள்ளைகள் செயலியை இறக்கி, அடையாளக் கார்டைப் படம் பிடித்து, மறைச்சொல் போட்டுக் கொடுத்தார்கள். வந்த காசைச் செலவழிக்கவாவது ஒருமுறை கியூஆர் காட்ட வேண்டியிருந்தது. தொலைந்தாலும் போவது அரசாங்கத்துக் காசு என்பதால் துணிச்சல் தானாக வந்தது. சொந்தக் காசைப் பணயம் வைக்காமல் ஒரு புது முறையை ஒத்திகை பார்க்க ஊருக்கே கிடைத்த வாய்ப்பு அது.

திட்டம் முடிந்த நான்காம் நாள், மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பின்னாலேயே மைசெஜாத்ரா செயலி. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் வாசலில் ஒட்டியிருக்கும் கட்டத்தைக் கைப்பேசியால் படம் பிடிக்க வேண்டும்; கைப்பேசி இல்லாதவர்களுக்கு மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம், கயிற்றில் கட்டிய பேனா. முதலில் நோட்டில் எழுதிய பெரியவர்கள், ஆயிரம் பேர் தொட்ட பேனாவைத் தொட அஞ்சி, மெல்லக் கைப்பேசிக்கு மாறினார்கள். நோய்க்காகக் கற்ற அசைவு அது. கைப்பேசியை எடு, கட்டத்துக்கு நேரே பிடி, பச்சை வரும்வரை பொறு. 2022 மே மாதம் அந்தப் பதிவு தேவையில்லை என்றானபோது கை பழகிவிட்டிருந்தது. கல்லாவில் பணம் கட்டவும் அதே அசைவுதான்.

அதே காலத்தில் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க அரசு கதவைத் திறந்தது. ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, சிறப்பு மீட்பு என்று நான்கு சுற்றுகளில் 145 பில்லியன் ரிங்கிட் வெளியே போனது. எதிர்காலச் சேமிப்பு கரைந்ததே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் விண்ணப்பம் இணையம் வழி என்றதும், கணினி என்றாலே ஒதுங்கியவர்கள்கூட ஐ-அக்கவுன் என்ற இணையக் கணக்கைத் திறந்தார்கள். தேவை நெருக்கும்போது படிகள் எத்தனை இருந்தாலும் மனிதன் ஏறிவிடுகிறான். வசதியைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நம்பிக்கை வந்தது, கூடவே கண்காணிப்பும் வந்தது. 2023 அக்டோபரில், டூயிட்நவ் கியூஆர் வழி வரும் பணத்துக்கு நவம்பர் முதல் வியாபாரிகளிடம் கட்டணம் பிடிக்கப்படும் என்ற செய்தி பரவியதும், கடைத் தெருவில் ஒரே பேச்சு. தொகை கால் விழுக்காடுதான். ஆனால் "பழக்கிவிட்டுக் காசு கேட்கிறார்களே" என்பது புகார். எதிர்ப்பு வலுத்ததும் சிறு வியாபாரிகளுக்குக் கட்டண விலக்கு தொடரும் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு வராமல் போயிருந்தால் பாதி அட்டைகள் மறுநாளே இறங்கியிருக்கும். ஏற்றுக்கொண்டவர்கள் என்றைக்கும் ஏற்றுக்கொண்டே இருப்பார்கள் என்று கணக்குப் போட்டவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை.

மோசடிக்காரர்கள் இன்னொரு பக்கம். போலீஸ் என்றும் நீதிமன்றம் என்றும் பேசிப் பணம் பறிக்கும் அழைப்பு வராத வீடு இல்லை. 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்ப்பு மையம் 997 என்ற எண்ணோடு வந்தது. பணம் போனதும் உடனே அழைத்தால் அது கைமாறும் வழியைத் தடுத்து நிறுத்தப் பார்ப்பார்கள். கேட்க ஓர் எண் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. மளிகைக்கடை அண்ணனிடம் மறுநாள் காலையில் போய் நின்ற உரிமைக்கு இன்றைக்கு இருக்கிற மாற்று அந்த மூன்று இலக்கம்தான். போதுமா என்றால், போதாது.

கடைசியாக வந்த ஒன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களின் மைகாட்டிலும் 100 ரிங்கிட் ஏற்றினார்கள், சாரா உதவி என்று. செயலி வேண்டாம், கைப்பேசி வேண்டாம். 2001-லிருந்து எல்லார் பையிலும் கிடக்கும் அடையாளக் கார்டைக் கல்லாவில் நீட்டி அரிசி, மாவு, முட்டை வாங்க முடிந்தது. முதல் நாளே கூட்டம் தாங்காமல் முறைமை படுத்துவிட்டது. சாமானை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். ஆனால் மறுபடி வந்தார்கள். ஒரு மாதம் கழித்து பூடி95 திட்டத்தில் அதே கார்டை எண்ணெய் நிலையத்திலும் செருகி, லிட்டர் 1 ரிங்கிட் 99 காசுக்குப் பெட்ரோல் ஊற்றினார்கள். எழுபது வயதுத் தாத்தாவுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கார்டு அவருடையது, பெயர் அவருடையது, படம் அவருடையது. டோல் ஒட்டி முதல் நாள் சறுக்கியதும் கைவிட்டவர்கள், இங்கே சறுக்கியும் திரும்பி வந்ததற்குக் காரணம், கையில் கிடைப்பது என்ன என்று சந்தேகமில்லாமல் தெரிந்ததுதான்.

எல்லாம் மாறவில்லை. தீபாவளிக்கு முன்னால் வங்கிகளில் புது நோட்டுக்கு வரிசை இன்றும் நிற்கிறது; ஊதா உறையில் மொறுமொறு என்று ஐந்து வெள்ளித் தாள் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு அது தீபாவளியே இல்லை. மின்பணப்பையில் அனுப்பும் வசதி இருக்கிறது. வெளியூரில் இருக்கும் பேரனுக்கு அனுப்புகிறார்கள், எதிரே நிற்கும் பேரனுக்கு உறைதான். பல கோயில்களில் உண்டியலுக்குப் பக்கத்தில் கியூஆர் ஒட்டியிருக்கிறார்கள். அதில் நன்கொடை போகிறது. நேர்ந்துகொண்ட காசு மட்டும் மஞ்சள் துணியில் முடிந்தபடியே உண்டியலுக்குள் விழுகிறது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. லிட்டல் இந்தியாத் தெருவில் தொங்கும் அட்டைகள் சிலவற்றில் அச்சாகியிருக்கும் பெயர் கடை நடத்தும் அம்மாவின் பெயரல்ல, மகனுடையது, மருமகளுடையது. காசு அவர்கள் கணக்கில் விழுகிறது. அம்மா மாலையில் கேட்டு வாங்கிக்கொள்கிறார். பெரியவர்கள் பலர் தங்கள் மறைச்சொல்லைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, "நீயே போடு கண்ணு" என்கிறார்கள். வண்டி நிறுத்தக் கட்டணம்கூடச் செயலிக்குப் போய்விட்டதால், பக்கத்துக் கடைப் பையனிடம் வண்டி எண்ணைச் சொல்லிக் காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாறிவிட்டவர்கள் கணக்கில் இவர்களும் சேர்கிறார்கள். உண்மையில் 555 புத்தகத்தில் எழுதத் தெரியாவிட்டாலும் சரிபார்க்கத் தெரிந்த அந்தத் தோட்டத்துப் பெண்ணுக்கு இருந்த பிடி, இவர்களில் பலருக்கு இல்லை.

அதனால் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அம்மாவின் கைப்பேசியை வாங்கி நீங்களே எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலாலேயே ஒரு வெள்ளி அனுப்பச் சொல்லுங்கள். வந்த காசைப் பார்ப்பது எப்படி, போன காசைக் கண்டுபிடிப்பது எப்படி என்று காட்டுங்கள். 997-ஐ அவர் கைப்பேசியில் பெயர் போட்டு வையுங்கள். கடை அட்டையை அவர் பெயருக்கே மாற்றிக் கொடுங்கள். வங்கிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிளைகளைக் குறைக்கும்போது, கிள்ளானில் ஒரு முகப்பிலாவது, "அண்ணே, என் கணக்கில் ஏன் ரெண்டு தடவை பிடிச்சிருக்கு?" என்று தமிழில் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆளை உட்கார வையுங்கள்.